சுக்கானுக்கு ஒரு ஸ்டீயரிங்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு இரண்டு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை, மனசுக்குள்தான் கேட்டுக்கொண்டாள். அதற்காக ஒரு படகையே அறுத்துப் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டி வரும் என்று யார் கண்டது?

மற்ற ஆறு நாளும் அவள் ஒரு பெரிய லாண்டரியில் நின்றாள். வேலை செய்தாள் என்பதைவிட நின்றாள் என்பதுதான் சரி. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை, ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சுருக்கம் விழாமல் சூடான உருளைக்குள் நுழைக்க வேண்டும். காலையில் இருட்டோடு கிளம்பினால் சாயங்காலம் திரும்பும்போது கால் இரண்டும் யாருடையதோ மாதிரி இருக்கும். "ஊர்ல இருக்கறவன் எல்லாம் தூங்கறதுக்கு நாம விரிப்பு தேய்ச்சுக் குடுக்கறோம்" என்பாள் எதிர்முனைக்காரியிடம். அவளும் பாவம், கொட்டாவி விட்டபடியே தலையாட்டுவாள்.

அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தவர். கத்தரி பிடித்தால் காற்றுகூட அசையாமல் நிற்கும் என்று பெயர் வாங்கியவர். அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சுண்டுவிரலில் ஒரு துடிப்பு, பிறகு மணிக்கட்டு, பிறகு தோள்வரை. சவரம் செய்வதை அவராகவே நிறுத்தினார். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் தாங்களாகவே வருவதை நிறுத்தினார்கள், ஆனால் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஷட்டரை இறக்கிப் பூட்டியவர், மறுபடி திறக்கவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்தார். "அடக்கி வைக்கலாம், அனுப்பி வைக்க முடியாது" என்றார்.

மிஞ்சியது படகுதான். சலூன் ஓகோவென்று ஓடிய காலத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு வாடிக்கையாளர் அவர் தலையில் கட்டிவிட்டுப் போன சின்னப் பாய்மரப் படகு. ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய், நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். பின்னால் தண்ணீருக்குள் சுக்கான், அதைத் திருப்பப் படகுக்குள் நீளமாக ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஞாயிறு மத்தியானம் ஏரிக்குள் போனாரானால் பொழுது சாயும்போதுதான் வருவார். அவள் போனைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு, காலை நீட்டிச் செத்த பிணம் மாதிரி தூங்குவாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையில் பாதி இந்த ஏற்பாட்டினால் வந்ததுதான்.

படகுத்துறையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருநாள் அவளைத் தேடி வீட்டுக்கே வந்தார். அதிகம் பேசாத மனிதர். வாசலில் நின்றபடியே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவர் படகு பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. பார்க்கிறவன் சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரல, பயமா இருக்கு. இனிமே தனியா அனுப்ப மாட்டேன். கூட ஒரு ஆள் வந்தா விடறேன்."

கூட ஒரு ஆள் என்றால் வேறு யார்? மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அவருடைய நண்பர்கள் எல்லாம் தலைமுடியோடு வந்தவர்கள், அதோடு போய்விட்டவர்கள். ஆக, அவள்தான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எதிரே உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தாள். அவர் கையின் நடுக்கம் கட்டைக்குப் போனது, கட்டையிலிருந்து சுக்கானுக்குப் போனது, சுக்கானிலிருந்து படகுக்கே போனது. படகின் மூக்கு இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே போயிற்று. அவர் இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அக்குளில் இடுக்கிப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை.

ஒருநாள் காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் கை ஒரு வெட்டு வெட்டியது. படகு சட்டென்று திரும்பியது. காற்று பாயின் மறுபக்கத்தில் புகுந்து, பாய்க்கு அடியில் ஓடும் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசியடித்தது. அவள் தோளில் பட்டது. தலையில் பட்டிருந்தால் கதை வேறு. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தார். அந்தத் துணியும் நடுங்கியது.

அன்று சாயங்காலமே அவள் தம்பிக்குப் போன் செய்தாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டாலும் அதைவிட நல்லதாக ஒன்றைத் தானே செய்து தருவதாகச் சொல்கிற ரகம்.

"ஸ்டீயரிங் வச்சுடலாம்க்கா" என்றான், அவள் சொல்லி முடிப்பதற்குள். "ஒரு சக்கரம், பின்னாடி ஒரு உருளை. உருளையில கம்பிக்கயிறைச் சுத்தி, கப்பி போட்டு ரெண்டு பக்கமும் கொண்டு போய்ச் சுக்கான்ல கட்டினா முடிஞ்சுது. சக்கரம் அரைச் சுத்து சுத்தினாதான் சுக்கான் கொஞ்சம் அசையும். மாமா கை என்ன ஆட்டம் ஆடினாலும் அங்க போய்ச் சேராது."

"அப்ப அவர் தனியாவே போலாமா?"

"தாராளமா. கப்பலே போகுது."

அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தாராளமா.

வீட்டுக்காரர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "அது படகு. பஸ் இல்ல. ஸ்டீயரிங் வச்சு ஹாரனும் வச்சுடலாமா?"

"எனக்காக வச்சுக்குங்க" என்றாள். தோளைத் தடவிக்கொண்டே சொன்னாள். வேண்டுமென்று தடவவில்லை, வலித்தது. ஆனால் அதோடு அவர் ஒத்துக்கொண்டார். எதற்காக என்பதை அவளும் முழுசாகச் சொல்லவில்லை.

படகைக் கரையேற்றி மரத்தாங்கிகளில் நிறுத்தினார்கள். தம்பி பழைய இரும்புக் கடையில் தேடி, ஏதோ மோட்டார் படகிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓரத்தில் துரு, நடுவில் யாரோ ஒட்டிய பூப்படத்தின் மிச்சம். தடித்த இரும்புக் குழாயைப் படகின் தளத்தில் போல்ட் போட்டு நட்டு, அதன் தலையில் சக்கரத்தை மாட்ட வேண்டும். பழைய மரக்கட்டையைச் சுக்கானோரமாக ஒரு முழம் விட்டு அறுத்து, மிச்சமிருக்கும் மொட்டைக் குச்சியில் கம்பிக்கயிறைக் கட்ட வேண்டும்.

தம்பி ரம்பத்தை எடுத்தபோது அவர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். "நானும் எத்தனையோ பேருக்கு வெட்டினவன்தான் மாப்ளே. இப்படிக் கழுத்தோட வெட்டினதில்ல."

ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை என்றான் தம்பி. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. போல்ட் ஒருநாள் சின்னதாக இருந்தது. கப்பி ஒருநாள் சுற்ற மறுத்தது. படகுக்குள் குனிந்து வேலை செய்ய ஒரு ஆளுக்குத்தான் இடம், வெளியே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் கொடுத்தால் ஸ்பானர் படகின் பக்கத்தில் டகடகவென்று தாளம் போட்டது, தம்பிக்குக் கவனம் சிதறியது. ஆகவே ஸ்பானரும் அவள்தான். லாண்டரியில் ஆறு நாள் நின்ற கால்கள் ஏழாவது நாள் படகுத்துறையில் நின்றன. தூங்குவதற்காகத்தான் தூங்காமல் நிற்கிறோம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

கடைசியில் கம்பிக்கயிறு ஏறியது. தம்பி கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, நீங்கதான் முதல்ல" என்றான். அவர் சக்கரத்தை வலது பக்கம் திருப்பினார். அவள் பின்னால் போய்ச் சுக்கானைப் பார்த்தாள். அது பதவிசாக இடது பக்கம் திரும்பியது.

"இடது பக்கம் போகுது" என்றாள்.

"நீ பின்னாடி நின்னு பார்க்கிறே, அதான்" என்றான் தம்பி.

"பின்னாடி நின்னாலும் எனக்கு வலது கை வலது கைதான்டா."

தம்பி வந்து பார்த்தான். குச்சி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அது இந்தப் பக்கம் வந்தால் தண்ணீரில் இருக்கும் சுக்கான் அந்தப் பக்கம் போகும். கயிறு இரண்டையும் குறுக்கே மாற்றிக் கட்டியிருக்க வேண்டும். கட்டையால் ஓட்டுகிறவனுக்குப் பச்சைக் குழந்தைப் பாடம் அது. லிஃப்டில் மேலும் கீழும்தான், இடமும் வலமும் கிடையாது. தம்பி தலையைச் சொறிந்தான். வீட்டுக்காரர் சக்கரத்தைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வர. சலூனைப் பூட்டிய பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. சிரிக்கும்போது எது நடுக்கம், எது சிரிப்பு என்று தெரியவில்லை. அவளும் சிரித்தாள். அடுத்த ஞாயிறும் போச்சு என்று தெரிந்தே சிரித்தாள்.

படகு தண்ணீரில் இறங்கியபோது மூவருமாகப் போனார்கள். தம்பி கயிறுகளைப் பார்த்துக்கொண்டான். அவர் சக்கரத்தின் பின்னால் நின்றார். கை நடுங்கியது, சக்கரம்கூட லேசாக இப்படியும் அப்படியும் அசைந்தது, படகு மட்டும் அசையவில்லை. கோடு கிழித்தது போலப் போயிற்று. அவர் திரும்பி, படகு போன தடத்தைப் பார்த்தார்.

"வகிடு எடுத்த மாதிரி இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது. கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "ஆனா கைக்கு ஒண்ணும் தெரியல. முன்னெல்லாம் தண்ணி என்ன பண்ணுதுன்னு கட்டையிலேயே தெரியும்" என்றார். தம்பி கேட்காத மாதிரி கப்பிக்கு எண்ணெய் விட்டான். அவளுக்குக் கேட்டது. ஆனால் அவள் மனசு அப்போதே வீட்டுக்குப் போய்க் கட்டிலில் ஏறிவிட்டது.

கரைக்கு வந்ததும் அவள் நேரே துறைக்காரரிடம் போனாள். "நெளியாம வந்தார், பார்த்தீங்கல்ல? இனிமே தனியாப் போலாம் இல்லையா?"

துறைக்காரர் வந்து படகுக்குள் எட்டிப் பார்த்தார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பாய்க்கயிறுகள் கட்டும் இடத்தைப் பார்த்தார். மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு. ஆனா கயிறை யாரும்மா பிடிக்கிறது?"

"எந்தக் கயிறை?"

"பாய்க்கயிறைத்தான். கட்டையா இருந்தப்போ நீளமா முன்னாடி வரைக்கும் வரும். தொடைக்கு அடியில அமுக்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் கயிறை இழுப்பார். இது பின்னாடி நிக்குது. இங்கேருந்து கை எட்டாது. விட்டுட்டுப் போனா சக்கரம் தானா சுத்திக்கும். படகைத் திருப்பணும்னா ஒருத்தர் இங்க நிக்கணும், ஒருத்தர் அங்க முன்பாய்க் கயிறை அவிழ்த்து மறுபக்கம் கட்டணும். முன்னே அவர் கைக்குப் பயந்து கூட ஒரு ஆள் கேட்டேன். இப்ப யார் ஓட்டினாலும் ரெண்டு ஆள் கட்டாயம்."

தம்பி, "கப்பல்ல..." என்று ஆரம்பித்தான்.

"கப்பல்ல நூறு பேர் இருக்காங்க தம்பி" என்றார் துறைக்காரர்.

அவள் படகு கட்டும் குட்டை இரும்புத் தூணில் உட்கார்ந்துவிட்டாள். மிதவைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. துறைக்காரர் இங்கிதம் தெரிந்தவர், நகர்ந்து போய்விட்டார். தம்பி கருவிகளைப் பையில் போடுவதாகச் சத்தம் பண்ணினான். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு? அதான் நீ கூட வர்றியே."

"எனக்குத் தூங்கணும்" என்றாள்.

"என்ன?"

"தூங்கணுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம். நீங்க முன்ன மாதிரி தனியாப் போயிட்டு வந்தா நான் தூங்குவேன். அதுக்குத்தான் இத்தனையும்." மிதவைச் சட்டையின் ஓரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை என்று சொல்ல முடியாது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? உங்க கூட வந்து உட்கார எனக்கு முடியலன்னா?"

"வித்துடலாம்" என்றார். "படகை வித்துடலாம். நான் வீட்லயே இருக்கேன்."

"வீட்ல இருந்து? நான் சமைக்கிறதை நின்னு பார்ப்பீங்க. நான் துவைக்கிறதை நின்னு பார்ப்பீங்க. நான் படுத்தா, ஏன் படுத்திருக்கே, உடம்புக்கு என்னன்னு கேட்பீங்க."

அது உண்மைதான்.

அடுத்த ஞாயிறு அவர் கால் சுளுக்கு என்று சொல்லி வீட்டிலேயே இருந்தார். எந்தக் கால் என்று கேட்டதற்கு ஒரு கணம் யோசித்தார். சாப்பிட்டதும் அவளைப் போய்ப் படுக்கச் சொன்னார். அவள் படுத்தாள். அவர் சத்தம் போடாமல் இருப்பதற்காகப் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் பெரிய சத்தமாக இருந்தது. பூனை மாதிரி நடந்தார். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தார், அது குடத்தின் விளிம்பில் படபடவென்று அடித்தது. உடனே ஒரு நீண்ட மௌனம். கதவைச் சாத்தப் போனார், தாழ்ப்பாள் அவர் கையில், குளிரில் பல் தந்தியடிப்பது மாதிரி ஆடியது. மறுபடி மௌனம். அவள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள். அதற்குப் பேர் தூக்கம் இல்லை.

எழுந்து வந்தாள். அவர் நாற்காலியின் நுனியில், கை இரண்டையும் தொடைக்கு அடியில் செருகி, தண்டனை வாங்கின பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"கிளம்புங்க" என்றாள். "கால் சரியாயிடுச்சு."

தலையணையைக் கையோடு எடுத்துக்கொண்டாள். படகுத்துறைக்குத் தலையணையோடு வந்தவள் அதுவரை யாரும் இல்லை. துறைக்காரர் பார்த்தார், படகை அவிழ்த்துவிட்டார். பாய்க்கயிறுகளை வீட்டுக்காரர் சொன்னபடி இழுத்துக் கட்டினாள். காற்று பின்னாலிருந்து சற்றுச் சாய்வாக, நிதானமாக வந்தது. பாய் நிறைந்து படகு ஓட ஆரம்பித்ததும், மிதவைச் சட்டையோடேயே படகின் தளத்தில், பாயின் கட்டை வீசினாலும் தொடாத பள்ளத்தில், தலையணையைப் போட்டுப் படுத்தாள்.

"திருப்பும்போது எழுப்புங்க."

"எழுப்பறேன்."

பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடியது. கம்பிக்கயிறு கப்பிக்குள் கிறீச் கிறீச்சென்றது. தம்பி எண்ணெய் விட்டது போதவில்லை என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

கண் விழித்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். ஊரின் தண்ணீர்த் தொட்டி கட்டை விரல் அளவுக்குச் சின்னதாக, எங்கேயோ இருந்தது. எதிர்க்கரையின் செங்கல் சூளைப் புகைபோக்கி தலைக்கு மேலே நின்றது. நாணல் வரப்போகிறது. அவர் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்து, உதடு காய்ந்து போயிருந்தது.

"எங்க வந்திருக்கோம்?"

"நல்லாத் தூங்கின."

"ஏங்க, திருப்ப வேண்டியதுதானே?"

"திருப்பணும்னா கயிறை மாத்தணும். கயிறை மாத்தணும்னா உன்னை எழுப்பணும்." காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, "வாயைத் திறந்துகிட்டு தூங்கினே. மனசு வரல" என்றார்.

"அதுக்காக அடுத்த ஊருக்கேவா கொண்டு வர்றது?"

திரும்பும் வழியில் காற்று முகத்தில் அடித்தது. காற்றுக்கு எதிரே நேராகப் போக முடியாது, இந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம், அந்தப் பக்கம் சாய்ந்து கொஞ்சம் என்று போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவர் "ம்" என்பார், அவள் கயிறை அவிழ்த்து மறுபக்கம் ஓடி இழுத்துக் கட்டுவாள். உள்ளங்கை எரிந்தது. முதலில் அவரைத் திட்டிக்கொண்டே இழுத்தாள், பிறகு திட்டுவதற்கு மூச்சு மிச்சமில்லை. நடுவில் ஒருமுறை கவனித்தாள், அவர் "ம்" சொல்வதற்கு முன்பே அவள் கை கயிறில் இருந்தது. விரிப்பின் எதிர்முனையைப் பிடிப்பவளோடு வேலை செய்வது போலத்தான் இதுவும். நன்றாகவே தூங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. உடம்பில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது.

கரை சேரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. துறைக்காரர் டார்ச்சோடு நின்றார். "ரெண்டு ஆள்னு சொன்னேனே, அதுல ஒருத்தர் முழிச்சிருக்கணும்னு தனியாச் சொல்லணுமா?" என்றார். அவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பிள்ளைகள் மாதிரி, தலையணையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அதன்பிறகு அவராகவே ஒரு ஒழுங்குக்கு வந்தார். முதலில் காற்றுக்கு எதிராகப் போவது. இழுக்கிற வேலை எல்லாம் அப்போதே முடிந்துவிடும். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும், ஒரே நீட்டு, அவள் படுக்கலாம். எல்லா ஞாயிறும் காற்று சொன்னபடி கேட்கவில்லை. சில நாள் மழை, சில நாள் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் அவரால் நிற்கவே முடியவில்லை. நடுக்கம் கூடிக்கொண்டுதான் இருந்தது. சக்கரமும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் லாண்டரியிலிருந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான்.

"அக்கா, யோசிச்சுட்டேன். இன்னும் ரெண்டு கப்பி போட்டா பாய்க்கயிறையும் சக்கரத்துகிட்டயே கொண்டு வந்துடலாம். மாமா ஒரே இடத்துல நின்னு எல்லாம் பண்ணலாம். தனியாவே போலாம். தாராளமா. இந்த ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

அவள் உள்ளே பார்த்தாள். வீட்டுக்காரர் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வேண்டாம்டா" என்றாள்.

"ஏன்க்கா? நீ நிம்மதியா வீட்ல தூங்கலாமே."

"இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை உன் ஸ்பானரைப் பிடிச்சுகிட்டு நிக்க எனக்குக் காலு இல்ல. போனை வை."